அம்மா நாற்காலி

அந்த நாற்காலிக்காக வடிவு மழையில் நனைந்திருக்கிறாள், போலீஸ் வேனில் ஏறியிருக்கிறாள், சின்னப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்திருக்கிறாள். அப்பேர்ப்பட்ட நாற்காலி இன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்து பேசப்போகிறது என்றால் அவளுக்குச் சோறு இறங்குமா? காலையில் ஊற்றிவைத்த காப்பிகூட அப்படியே ஆறிக் கிடந்தது.

நாற்காலி எப்படிப் பேசும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பொருநை மாவட்டத்தில் குடும்ப அவை என்று ஒன்று உண்டு. பேறுகால விடுப்பு, பகல்வீடு, பள்ளிக்கூட நேரம் என்று குடும்பத்தைத் தொடுகிற எந்த முடிவானாலும் அங்கேதான் எடுப்பார்கள். உறுப்பினர்கள் பதினாறு பேர். பதினாறும் ஆண்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும், மூன்று பெண்கள் இருந்தார்கள். ஆனால் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது என்று ஒருநாளாவது முழித்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. 'எங்களப் பத்திப் பேசுத எடத்துல எங்களுக்கு ஒரு நாற்காலி போடுங்க' என்று அம்மாக்கள் பன்னிரண்டு வருசம் தொண்டை கிழியக் கத்தினார்கள். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. நாற்காலி தருகிறோம், ஆனால் எந்த அம்மாவை உட்கார வைப்பது? ஒருத்தியை உட்கார வைத்தால் மற்றவள் சும்மா இருப்பாளா? ஆகையால் எல்லா அம்மாக்களையும் ஒன்றாக உட்கார வைப்போம் என்றார்கள். வீடு வீடாகப் போய் அம்மாக்களின் பேச்சைப் பதிவு செய்து, அதை ஓர் இயந்திரத்துக்குப் படிப்பித்து, அத்தனை பேருக்காகவும் அது ஒரே குரலில் பேசும். பெயர் தாய்க்குரல். ஊர் வாயில் அது அம்மா நாற்காலி ஆனது. அந்த நாற்காலி சம்மதம் சொல்லாமல் அவையில் எந்தத் தீர்மானமும் செல்லாது என்று சட்டமே போட்டாயிற்று.

சும்மா சொல்லக் கூடாது, கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பேச்சையெல்லாம் பதிவு செய்தவள் வடிவு. முழுப்பெயர் சங்கரவடிவு, வயது நாற்பத்தாறு, ஒரே மகளைத் தனியாளாக வளர்த்துக் கோயம்புத்தூருக்குப் படிக்க அனுப்பியவள். ஆரம்பத்தில் மூன்று பேர் இந்த வேலைக்கு வந்தார்கள். வெயில் தாங்காமல் மற்ற இருவரும் இரண்டு மாதத்தில் கழன்றுகொண்டார்கள். வடிவு மட்டும் பதினாலு மாதம் தோளில் பதிவுப்பெட்டியைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூவாயிரத்து நானூறு வீடுகள் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே சத்தியம்தான்: "நீங்க பேசுதது அப்படியே போவும்க்கா. ஒரு சொல்லுகூட மாறாது. அதுக்கு நான் பொறுப்பு."

அந்தச் சத்தியம்தான் இந்தக் கதை.

ஆலடிப்புதூர் பகல்வீட்டில் இருந்த பெரிய திரையில் மத்தியானம் மூன்று மணிக்கு அவைக் கூட்டத்தை நேரலையாகக் காட்டினார்கள். ஊருக்கு மேற்கே முன்பு உளுந்து விளைந்த நிலமெல்லாம் இப்போது சூரியத் தகடுகள். தகட்டுக்காடு என்பார்கள். விடிவதற்குள் போய்த் தூசி துடைக்கத் தொடங்கினால் மத்தியானம்தான் வீடு. அதுவரைக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இந்தப் பகல்வீடுதான். வேலை முடிந்து வந்த அறுபது எழுபது பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஆவுடைத்தங்கம். இருபத்தேழு வயது, வாய்த்துடுக்குக்காரி. மடியில் அவள் மகள் செவ்வந்தி. மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளை, பிடிவாதம் வந்தால் கண்ணில் படுவதையெல்லாம் கடிக்கிற பிள்ளை. அப்போதைக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

திரையில் அவைத்தலைவர் முத்துவிநாயகம் தொண்டையைச் செருமினார். அவருக்கு வலப்பக்கம் அந்த நாற்காலி. பூ வேலைப்பாடு செய்த மர நாற்காலியில் தேங்காய் அளவுக்கு ஓர் ஒலிப்பெட்டியை வைத்து மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில், நாற்காலி பேசுவதற்கு அர்த்தம் சொல்கிற விளக்க அலுவலராக, செல்வராணி. பன்னிரண்டு வருசப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய அதே செல்வராணிதான். அவளைப் பார்த்ததும் வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"முதல் தீர்மானம்," என்றார் முத்துவிநாயகம். "மாவட்டத்தில் உள்ள நாற்பத்திரண்டு பகல்வீடுகளையும் அடுத்த மாதத்தோடு நிறுத்திவிட்டு, குழந்தை வளர்ப்பைத் தாயின் கைக்கே திருப்பிக் கொடுப்பது. தாய்மையின் பெருமையைப் போற்றுகிற தீர்மானம் இது. அம்மா என்ன சொல்றீங்க?"

வடிவு சிரித்தாள். மாட்டிக்கொண்டாயா, இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று நினைத்தாள்.

ஒலிப்பெட்டி பேசியது. என்ன குரல் அது! கேட்கிற ஒவ்வொருத்திக்கும் அவளவளைப் பெற்றவள் அடுக்களையிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"பெத்த பிள்ளையப் பெத்தவதான பாக்கணும்," என்றது அந்தக் குரல். "வேற யாரு வந்து பாக்கப் போறா? பகல்வீடு இல்லன்னாலும் எப்படியும் சமாளிச்சிக்கிடுவோம்."

அவையில் கைதட்டல். முத்துவிநாயகம் எழுந்து நின்று நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டாம் வாசிப்பு பதினைந்து நாள் கழித்து என்று அறிவித்தார்கள்.

பகல்வீட்டில் ஆவுடைத்தங்கம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏ, இது யாரு சொன்னது?"

"நான் சொல்லல."

"நீ சொன்னியாட்டி கனகு?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்? எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள், அவள் அடுத்தவளைக் கேட்டாள். எழுபது பேரில் அதைச் சொன்னவள் ஒருத்திகூட இல்லை. கடைசியில் எழுபது முகமும் சுவரோரம் நின்ற வடிவின் பக்கம் திரும்பியது.

"வடிவக்கா," என்றாள் ஆவுடைத்தங்கம். "நீங்கதான பெட்டியத் தூக்கிட்டு வாசல் வாசலா வந்திய. ஒரு சொல்லு மாறாதுன்னு சொன்னியளே. இத எவ சொன்னா?"

"தெரியல தங்கம். சத்தியமாத் தெரியல."

"அப்பம் யாருக்குத் தெரியும்?"

வடிவுக்கு எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி இருந்தது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. டவுனில் வேலைக்காரி வைத்துப் பிள்ளை வளர்க்கிற எவளோ ஒருத்தி சொல்லியிருப்பாள், அதைப் போய் எல்லார் வாயிலும் ஏற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்டுபிடிச்சிட்டு வாரேன்," என்றாள். "எவளா இருந்தாலும் இங்க கொண்டாந்து நிறுத்துதேன்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் குரல்கூடத்துக்குப் போனாள். தாய்க்குரலை வளர்த்த இடத்துக்கு அதுதான் பெயர். செல்வராணிக்கு அங்கே கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. ஐம்பத்தெட்டு வயசு, பாளையங்கோட்டைக்காரி. மழையில் நனைந்தபோது வடிவின் பிள்ளைக்குத் தன் சேலைத்தலைப்பை விரித்துக் கூரையாகப் பிடித்தவள். வடிவைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

"பாத்தியாட்டி, நம்ம நாற்காலி பேசிட்டு!"

"என்னத்தப் பேசிச்சுன்னு கேட்டியளாக்கா?"

செல்வராணியின் கை வடிவின் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. "உக்காரு. மொதல்ல காப்பி குடி."

"காப்பி வேண்டாம். எனக்கு மூலம் வேணும். அந்தப் பேச்ச எந்த அம்மா சொன்னாவன்னு தெரியணும்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு வடிவு?"

"கைரேகை வெச்ச எந்த அம்மாவும் மூலம் கேக்கலாம், பிடிக்கலன்னா தன் பேச்சத் திரும்ப எடுத்துக்கிடலாம். ஒப்புதல் பாரத்துல எழுதியிருக்கு. மூவாயிரத்து நானூறு வாசல்ல நான்தான வாசிச்சுக் காட்டுனேன்? நானும் ஒரு அம்மான்னு மொத கைரேகை வெச்சதே நான்தான்."

செல்வராணி மேசைத் திரையைத் தட்டினாள். "கேக்கேன்னு பிடிவாதம் பிடிச்சேன்னா கேளு. பொறவு என்னையக் குத்தம் சொல்லாத."

முதல் பதிவு ஓடியது. முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம். ஒரு கிழவியின் இருமல். பிறகு ஆவுடைத்தங்கத்தின் குரல். வடிவுக்கு அந்த வீடு கண்ணுக்குள் வந்தது. வாசல் நடையில் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் கழற்றி வைத்திருந்தாள்.

"பகல்வீடு இல்லன்னா நான்…" என்று பதிவில் ஆவுடைத்தங்கம் இழுத்தாள். அப்புறம் பேச்சில்லை. முறத்துச் சத்தம் நின்றது. மாமியார் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். பெட்டியில் பீப், பீப் என்று சத்தம்.

அந்தச் சத்தத்தை வடிவு மறப்பாளா? பாதியில் தொங்குகிற பேச்சைப் பெட்டி ஏற்காது. சிவப்பு விளக்கு எரியும். வாக்கியம் முடிந்தால்தான் பச்சை. பச்சை எரியாவிட்டால் அந்த வீடு கணக்கில் சேராது, மறுபடி அலைய வேண்டும்.

பீப் சத்தத்துக்குமேல் இன்னொரு குரல் கேட்டது. தெளிவான, தடுமாறாத, சிரிப்பு கலந்த குரல்.

"என்ன தங்கம், பெத்த பிள்ளையப் பெத்தவதான பாக்கணும், வேற யாரு வந்து பாக்கப் போறா? எப்படியும் சமாளிச்சிக்கிடுவோம்லா?"

"ம்," என்றாள் ஆவுடைத்தங்கம்.

பெட்டி டிங் என்றது. பச்சை.

 செல்வராணி அடுத்ததைப் போட்டாள். இந்த வீட்டில் புருசன் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தான். அவள் இழுத்தாள், பீப் என்றது, வடிவின் குரல், "ம்", டிங். அடுத்த வீட்டில் மாமனார். அதற்கடுத்த வீட்டில் பெற்ற தாயே பக்கத்தில். இழுவை, பீப், வடிவு, "ம்", டிங். எத்தனை வாசல், எத்தனை ஊர்! எல்லா ஊரிலும் வடிவு அதே சொல்லை அதே சிரிப்போடு எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனாள்.

"போதும்க்கா," என்றாள்.

"மூவாயிரத்து நூத்தியெட்டு வீட்டுல இதேதான்," என்றாள் செல்வராணி.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். வடிவுக்கு அன்றைக்குத் தெரிந்தது. அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மாமியார் பார்வையில் அந்தப் பெண் சுருங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். வீட்டார் காதில் விழுந்தால் சண்டை வராத பேச்சாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரிதான் அதை நினைத்திருந்தாள். ஒன்றேகால் மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரமும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

"கேள்வி கேக்கவ கொரல இயந்திரம் எடுக்காதுன்னுதான எங்களுக்குச் சொன்னிய?" என்று கேட்டாள். "என் கொரல வெட்டிருவோம்னு சொன்னியளே?"

"வெட்டித்தான் வெச்சோம்."

"அப்பொறம்?"

"வெட்டிட்டு ஓட்டிப் பாத்தோம். அதுக்குப் பேச்சு வரல வடிவு." செல்வராணி மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். "மூவாயிரத்து நானூறு அம்மா பேசினதுல மிச்சம் என்ன இருந்துச்சு தெரியுமா? 'ம்'. 'என்னத்தச் சொல்ல'. பாதியில நின்ன பேச்சு. அத வெச்சி அது எதப் படிக்கும்? நாற்காலியத் தொறக்கத் தேதி குறிச்சாச்சு. பேசல்லன்னா நாற்காலியத் தூக்கி வெளிய போட்டுருவானுவ. அதுக்குன்னே காத்துக்கிட்டு இருந்தானுவ. நான் என்ன செய்ய? வடிவும் ஒரு அம்மாதான, கைரேகை வெச்சிருக்கால்லா, அவ கொரலத் திரும்பச் சேருங்கன்னு நான்தான் சொன்னேன். எல்லா எடத்துலயும் முழு வாக்கியமாப் பேசினது நீ ஒருத்திதான். தடுமாறாமப் பேசினதும் நீதான். அது உன்னையப் பிடிச்சிக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டு."

"ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே வெச்சிய."

"ஏட்டி, நாற்காலி இல்லன்னா ஒண்ணுமே இல்ல. இன்னைக்குப் பகல்வீடு போனாப் போவுது. நாற்காலி நிலைச்சிட்டுன்னா நாளைக்கு நூறு பகல்வீடு வாங்கிக்கிடலாம். கொஞ்சம் பொறு."

"பகல்வீடு வேணும்னுதான அன்னைக்கு மழையில உக்காந்தோம்? அதுக்குத்தான நாற்காலி கேட்டோம்?" என்றாள் வடிவு. "பிள்ளையக் கிள்ளிவிட்டுத் தொட்டில ஆட்டுத கதையா இருக்கே. கிள்ளுததுக்கு என் விரல எடுத்துக்கிட்டியளேக்கா!"

 வடிவு எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பக்கத்து இருக்கைக்காரி, "யாரும் தவறிட்டாவளா?" என்று கேட்டாள். வடிவு தலையாட்டினாள்.

ஓடி ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். மகள் இருக்கிற ஊருக்குப் போய் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் எவளாக இருந்தாலும் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று எழுபது பேர் முன்னால் சொன்ன வாய் அது. மறுநாள் மத்தியானம் பகல்வீட்டு முற்றத்தில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெண்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அதச் சொன்னவ நான்தான்," என்றாள்.

சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பீப் சத்தம், பச்சை விளக்கு, எடுத்துக் கொடுத்த பேச்சு, செல்வராணி சேர்த்துவிட்ட குரல், ஒன்றையும் விடவில்லை. கனகு காறித் துப்பிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். நாலைந்து பேர் அவள் பின்னாலேயே போனார்கள். ஆவுடைத்தங்கம் மட்டும் கிட்டே வந்தாள். அவள் கையில் செவ்வந்தி கடித்த தடம் புதிதாகச் சிவந்திருந்தது.

"என் வாயில ஊட்டுத மாதிரி ஊட்டி, நீங்களே மென்னு நீங்களே முழுங்கிட்டியளேக்கா," என்றாள். "எங்க அத்தையும் புருசனும் என்னையப் பேச விடலன்னா அவிய வேலையே அதுதான். நீங்களுமா? பெட்டியத் தூக்கிட்டு நீங்க வரும்போது, சாமி ஏதோ வாசலுக்கு வந்திருக்குன்னு நெனச்சேனே."

"தப்புதான் தங்கம்."

"தப்பா? அத வெச்சி நான் என்ன செய்ய?"

 "ஒரு வழி இருக்கு," என்றாள் வடிவு. "என் பேச்ச நான் திரும்ப எடுத்துக்கிடலாம். எடுத்துட்டா அதுக்குப் பேச்சு வராது. அம்மா சம்மதம் சொல்லாமத் தீர்மானம் செல்லாதுன்னு சட்டம் இருக்கு. நாற்காலி போனாலும் போவும், பகல்வீடு தப்பிக்கும்."

"பன்னெண்டு வருசம் கத்திக் கேட்ட நாற்காலிலா?"

"ஆமா."

ஆவுடைத்தங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எடுத்துருங்க," என்றாள். பிறகு போய்விட்டாள்.

இரண்டாம் வாசிப்புக்கு மூன்று நாள் இருந்தபோது வடிவு மறுபடியும் குரல்கூடத்துக்குப் போய்த் திரும்பப்பெறும் பாரத்தைக் கேட்டாள். செல்வராணி முதலில் அதட்டினாள், பிறகு கெஞ்சினாள்.

"நாற்காலிய ஊமையாக்கப் போறியா? நம்ம பிள்ளை மாதிரிடி அது."

"பொய் சொல்லுத வாய்க்கு ஊமையா இருக்கது மேல்."

"எத்தனை பேரு பாடுபட்டதுன்னு நெனச்சுப் பாரு வடிவு. ஒன் மகளுக்கும் நாளைக்கு ஒரு பிள்ளை பெறக்கும்."

வடிவின் கை ஒரு நிமிசம் தயங்கியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு பெருவிரலை அழுத்தி வைத்தாள். திரையில் அவள் பெயருக்கு நேராக ஒரு கோடு விழுந்தது. பன்னிரண்டு வருசம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினாள். மனசு கனத்தது, ஆனால் பகல்வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு ஆறுதலும் இருந்தது. பாவம்.

பதினைந்தாம் நாள் மூன்று மணிக்கு ஆலடிப்புதூர் பகல்வீட்டில் நிற்க இடமில்லை. துப்பிவிட்டுப் போன கனகுகூட வந்திருந்தாள். வடிவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரையில் நாற்காலி, மல்லிகைச் சரம், பக்கத்தில் செல்வராணி. அவள் முகம் வெளுத்திருந்தது. பகல்வீட்டுப் பொறுப்பாளர் அம்மா தொட்டில் ஆட்டுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

முத்துவிநாயகம் தீர்மானத்தை வாசித்து முடித்தார். "அம்மா, போன தடவை சொன்னதுதானே? சம்மதம்தானே?"

ஒலிப்பெட்டி பேசவில்லை.

பகல்வீட்டில் எவளோ ஒருத்தி, "ஆத்தா, பேசிராத தாயே," என்று முணுமுணுத்தாள். வடிவு சுவரில் சாய்ந்துகொண்டாள். 

முத்துவிநாயகம் முன்னால் குனிந்தார். "அம்மா? எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம். ஏதாவது சொல்லுங்க."

"எனக்கு…" என்றது குரல்.

அவ்வளவுதான். மூவாயிரத்து நானூறு தொண்டைகள் ஒன்றாக அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு இழுவை, அப்புறம் மௌனம். ஆவுடைத்தங்கம் செவ்வந்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். சொல்லு, சொல்லு என்று அவள் வாய் அசைந்தது.

அவையில் பதினாறு பேரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"பகல்வீடு இல்லாட்டியும் பார்த்துக்குவீங்கதானே?" என்றார் முத்துவிநாயகம், சிரித்த முகத்தோடு, குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற பதத்தில்.

"ம்," என்றது குரல்.

முத்துவிநாயகம் செல்வராணியின் பக்கம் திரும்பினார். "விதிப்படி சம்மதம் வார்த்தையா இருக்கணும். விளக்க அலுவலர் நீங்கதான் சொல்லணும். இதுக்கு என்ன அர்த்தம்?"

செல்வராணி நாற்காலியைப் பார்த்தாள். மழையில் சேலைத்தலைப்பை விரித்துப் பிடித்த அந்தக் கை மேசைமேல் கிடந்தது. அவள் யாரைப் பார்க்கிறாள் என்று வடிவுக்குத் தெரியும். தன்னைத்தான். திரைக்குள்ளிருந்து அவளால் பார்க்க முடியாது, ஆனாலும் தன்னைத்தான்.

"சொல்லாதீங்கக்கா," என்றாள் வடிவு சத்தமாக.

"சம்மதம்னு எடுத்துக்கிடலாம் ஐயா," என்றாள் செல்வராணி.

கைதட்டல் எழுந்தது. ஒருவர் வந்து நாற்காலிக்குப் புதுச் சரம் சுற்றினார். நாற்காலி பிழைத்துக்கொண்டது.

பகல்வீட்டில் யாரும் கத்தவில்லை. அழுதால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது வடிவுக்கு. பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து, தத்தம் பிள்ளையைத் தேடி எடுத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, பைகளை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். பொறுப்பாளர் அம்மா திரையை அணைத்துவிட்டுத் தொட்டில் துணிகளை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தாள். அடுத்த மாதம் வரை நேரம் இருந்தது. இருந்தும் மடித்தாள்.

கூடம் காலியானபோது ஆவுடைத்தங்கம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பிள்ளை தோளில் முகம் புதைத்துத் தூங்கியது. வடிவு கிட்டே போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று போனாள்.

"கடைசியில அது எங்கள மாதிரியே பேசிட்டுலாக்கா," என்றாள் ஆவுடைத்தங்கம். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள்.

"வடிவக்கா."

"சொல்லு தங்கம்."

"பகல்வீடு இல்லன்னா நான்…"

நின்றுவிட்டது. அன்றைக்கு முறத்துச் சத்தத்துக்கு நடுவே நின்ற அதே இடம். வடிவின் நாக்கு நுனியில் நாலு பேச்சு வந்து நின்றது. 'வேற வழி கெடைக்காமலா போவும்' என்று ஒன்று. 'நான் வந்து பாத்துக்கிடுதேன்' என்று ஒன்று. எல்லாம் நல்ல பேச்சுதான், எதைச் சொன்னாலும் அந்தப் பெண் 'ம்' என்பாள், இரண்டு பேருக்கும் அதோடு தப்பிக்கலாம். வடிவு பல்லைக் கடித்துக்கொண்டாள். பதினாலு மாதம் தோளில் பெட்டி தொங்கிய இடம் வலித்தது. நின்றாள். வெளியே யாரோ பம்பு அடிக்கிற சத்தம் கேட்டு, நின்று, மறுபடி கேட்டது. பொறுப்பாளர் அம்மா இன்னொரு தொட்டிலையும் அவிழ்த்து முடித்துவிட்டாள். அவ்வளவு நேரமும் ஆவுடைத்தங்கத்தின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"நான் இவள என்ன செஞ்சிருவேனோன்னு எனக்குப் பயமா இருக்குக்கா," என்றாள். "போன வருசம், பகல்வீட்டுல சேக்கதுக்கு முந்தி, ஒருநா அழுகைய நிறுத்தவே இல்ல. தலகாணியக் கையில எடுத்துட்டேன். எடுத்துக்கிட்டு நின்னேன். எம்புட்டு நேரம் நின்னேன்னு தெரியல. பொறவு கீழ போட்டுட்டுத் தெருவுக்கு ஓடிப்போயிட்டேன். இவள விட எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ஆனா நாள் பூராவும் இவளும் நானும் மட்டும்னா…"

மறுபடியும் நின்றாள். செவ்வந்தி தூக்கத்தில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அத்தனை வீட்டிலும் பச்சை எரியாத இடத்தில் என்ன இருந்தது என்று வடிவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக்கூட இல்லை, துடைத்தால் அவள் நிறுத்திவிடுவாள்.

"ம்," என்றாள் வடிவு.

அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் தரையில் உட்கார்ந்தாள். ஆவுடைத்தங்கமும் எதிரே உட்கார்ந்து, பிள்ளையை மடிக்கு மாற்றிக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தாள்.